மொட்டைப் பனைக்குத் தலை வைக்க மாட்டேன்

வன்னியில் மலை இல்லை. இதைச் சொல்ல ஒரு சித்திர ரீச்சர் தேவையில்லை. இரணைமடுக் குளக்கட்டில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் போதும். எங்கள் பக்கத்தில் ஆக உயரமான மேடு அந்தக் குளக்கட்டுத்தான். ஆனால் என் வகுப்பில் "உங்கடை ஊரைக் கீறுங்கோ" என்று சொன்னால், எல்லாக் கொப்பியிலும் முதலில் எழும்புவது இரண்டு மலை. மலைகளுக்கு நடுவில் சிரிக்கிற சூரியன், அங்கிருந்து இறங்கி வரும் ஓர் ஆறு, கரையில் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் வளைந்த தென்னை. வட்டக்கச்சியில் பிறந்து, வாய்க்காலில் குளித்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டை நிலத்தையே பார்த்து வளர்ந்த பிள்ளை மலை கீறுகிறது.

"எந்த மலை பிள்ளை இது?" என்று கேட்டேன் ஒருத்தியிடம்.

"படமெண்டால் மலை இருக்கும்தானே ரீச்சர்" என்றாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அந்தப் பிள்ளையில் இல்லை. படம் என்றால் வேறு யாருடையதோ ஊர், எங்கள் ஊர் படத்துக்கு உதவாது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கலண்டர் சொன்னது, பிஸ்கற் ரின் சொன்னது, கலியாண மண்டபத்தின் மேடைச் சீலை சொன்னது. அன்றிலிருந்து ஒவ்வொரு தவணையும் முதல் நாளே பிள்ளைகளிடமிருந்து இரண்டு நிறத்தை வாங்கி அலுமாரியில் பூட்டி வைப்பேன். ஒன்று இலைப்பச்சை, மற்றது கறுப்பு. தவணை முடிவில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இதற்காகப் பெற்றோர் இரண்டு தடவை அதிபரிடம் போயிருக்கிறார்கள். அதிபர் என்னைக் கூப்பிட்டு, "பச்சை இல்லாமல் பிள்ளையள் எப்பிடி மரம் கீறுறது?" என்று கேட்டார். "மரத்தைப் பாத்துக் கீறலாம் சேர்" என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை.

வயல் பச்சை இல்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை. கார்த்திகை, மார்கழியில் பச்சைதான். ஆனால் குழாயிலிருந்து பிதுங்குகிற பச்சை அல்ல. அதற்குள் மஞ்சள் இருக்கிறது, காலையில் பனி விழுந்த சாம்பல் இருக்கிறது, வரம்போரமாக வாய்க்கால் தண்ணீரின், பால் விடாத பிளேன்ரீ நிறமும் இருக்கிறது. மழை தராத சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் ஊருக்கு என்ன நிறம் என்று கேட்டால், ஒரு கிழமை, ஏழு நாளாவது நின்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைத்த வயல் ஒரு நிறம், கிடைக்காமல் வெடித்துக் கிடக்கிற வயல் இன்னொரு நிறம். றோட்டோரத்துப் பாலை மரத்தின் இலையில் பச்சை பாதி, செம்மண் கிரவல் தூசி பாதி. வானத்தில் நீலமே இருக்காது. பால் திரிந்ததுபோல் ஒரு வெள்ளை. அந்த வெள்ளையை எடுப்பதற்குள் எனக்குச் சீவன் போய்விடும். கொஞ்சம் மஞ்சள் கூடினால் மாலையாகிவிடும், கொஞ்சம் நீலம் கூடினால் வேறு நாடு ஆகிவிடும்.

நிழலும் அப்படித்தான். நிழல் கறுப்பு என்று நினைக்கிறவர்கள் ஒரு மதியம் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தங்கள் காலடியைப் பார்க்கட்டும். அதற்குள் ஊதா இருக்கும். எதிர்க்கடைத் தகரத்தின் நீலமும் கொஞ்சம் தெறித்திருக்கும். பஸ் வர எப்படியும் நேரம் எடுக்கும், ஆறுதலாகப் பார்க்கலாம்.

பூநகரிக்கு நான் கீறப் போவது சனிக்கிழமைகளில். முதல் பஸ்ஸில் போனால் மதிய பஸ் வரும்வரை கடலேரிக் கரை எனக்குத்தான். அங்கே காலையில் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே இல்லை. வலை இழுக்கிறவர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றால்தான், அவருடைய தோளுக்குப் பக்கத்தில் கோடு பிறக்கும். அவர் நகர்ந்தால் கோடும் போய்விடும். அந்தக் கரையில்தான் எனக்குத் தார் கிடைத்தது. அதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதை முழுக்க அந்தத் தாரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு வயதான கடல் தொழிலாளி தன்னுடைய பழைய மரவள்ளத்தைக் கவிழ்த்துவைத்துத் தார் பூசிக்கொண்டிருந்தார். இப்போது எல்லோரும் பைபர் வள்ளம்தான், அவரிடம் மட்டும் மரம். தாரை மண்ணெண்ணெயில் கரைத்திருந்தார். முதல் பூச்சு கறுப்பாக இல்லை, நல்ல பழுப்பான கபிலம். அடியில் இருந்த மரத்தின் கோடுகள் தெரிந்தன. இரண்டாம் பூச்சில் இருண்டது. வெயில் பட்ட பக்கம் சாம்பலாக மினுங்கியது. எழும்பிப் போய் ஒரு ஜாம் போத்தல் நிறையக் கேட்டு வாங்கினேன். படிக்கிற காலத்தில் எங்கள் விரிவுரையாளர் தாரைப் பற்றித் தெளிவாக எச்சரித்திருந்தார். தார் லேசில் காயாது, அதற்கு மேல் எதைப் பூசினாலும் துளைத்துக்கொண்டு மேலே வரும், படத்துக்குள் தாரை விடவே கூடாது. அது எனக்கு நல்ல ஞாபகம். ஆனாலும் அந்தக் கபிலத்தை விட மனம் வரவில்லை. ஏனென்றால் மொட்டைப் பனையின் நிறம் அதுதான்.

எங்கள் ஊரில் மூன்று மொட்டைப் பனைகள் நின்றன. ஷெல் தலையை எடுத்துக்கொண்டு போக, உடம்பு மட்டும் மிஞ்சியவை. சண்டை முடிந்து மீள்குடியேறி வந்தபோது இப்படிப்பட்ட மரங்கள் வழியெல்லாம் நின்றன. பிறகு காற்றுக்கு விழுந்தவை விழுந்தன, விறகுக்குப் போனவை போயின. இந்த மூன்றும் மட்டும் பிரதான றோட்டிலிருந்து ஊருக்குள் திரும்புகிற இடத்தில் அப்படியே நின்றன. உச்சியில் கிளி பொந்து வைத்திருந்தது. ஓர் ஆவணி மாதம் காலை பத்து மணி வெயிலில் உட்கார்ந்து அவற்றை ஒரு சின்னப் பலகையில் கீறினேன். நல்ல வேளையாகப் போய்விட்டது. அடுத்த வருடம் அதே காணியில் கூட்டம், கலியாணம் எல்லாவற்றுக்குமாக ஒரு பொதுநோக்கு மண்டபம் கட்டினார்கள். அத்திவாரம் வெட்ட வந்தவர்கள் மூன்றையும் ஒரே நாளில் தறித்துவிட்டார்கள். கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான் மண்டபத்துக்கு உதவி செய்தவர். ஆடி மாதம் அவர் வந்து திறப்பதாக ஏற்பாடு.

வைகாசியில், மண்டபத்துக்குப் பொறுப்பான ஊர்ச் சங்கத்தின் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

"ரீச்சர், மண்டபத்துக்குள்ளை பின் சுவர் பெருஞ்சுவர். சும்மா கிடக்குது. எங்கடை ஊரை ஒருக்காக் கீறி விடுங்கோவன்."

எங்கடை ஊர் என்றார். நான் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு நேரே போய், மேசைக்கு மேல் மேசை வைத்து ஏறி, சுவரை அளந்து, நடுவில் அந்த மூன்று பனைகளுக்கும் இடம் குறித்தேன். அவை நின்ற காணியில் எழும்பிய சுவரில் அவை நிற்பதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது.

மண்டபத்தைக் கூட்டித் துப்புரவாக்கி, கதவுத் திறப்பும் வைத்திருக்கிறவா ஓர் அக்கா. றோட்டுக்கு எதிர்ப்பக்கம் அவாவுடைய வீடு. முதல் இரண்டு நாளும் ஒன்றும் பேசாமல் கூட்டுகிற தும்புத்தடியுடன் போய் வந்தவா, மூன்றாம் நாள் சுவருக்கு முன்னால் வந்து நின்றா. நான் கரியால் பனைகளைக் கோடு போட்டிருந்தேன்.

"நடு மரம் நேர் இல்லை ரீச்சர்."

எனக்குச் சுள்ளென்றது. நேரே இருந்து பார்த்துக் கீறியவள் நான். சின்னப் பலகையை எடுத்துக் காட்டினேன். "இஞ்சை பாருங்கோ அக்கா, நேராத்தான் நிக்குது."

அவா பலகையை வாங்கிக் கனநேரம் பார்த்தா. "நீங்கள் அந்தப் பக்கத்திலை இருந்து பாத்திருக்கிறியள். நான் இந்தப் பக்கம் நிண்டனான். இந்தப் பக்கம் நிண்டால் அது சரிஞ்சுதான் தெரியும்."

"எப்ப நிண்டனீங்கள்?"

சொன்னா. நான் கேட்டபடியால் சொன்னா, அழாமல் சொன்னா. ஊரே எழும்பி ஓடிய நாளில் அவாவும் கணவரும் அந்தத் திருப்பம் வரை வந்திருக்கிறார்கள். பனைகளுக்கு முதல் நாள்தான் தலை போயிருந்தது. அங்கே வந்த பிறகுதான் கணவருக்கு ஞாபகம் வந்தது, வீட்டில் பசுக்கன்று கட்டியபடி நிற்கிறது என்று.

"கயித்தை அவிட்டு விட்டிட்டு வாறன், நீ இந்த மூண்டு மொட்டைப் பனையடியிலை நில், இடம் மாறாதை எண்டு சொல்லிப்போட்டு சைக்கிளிலை போனவர். நான் பொழுதுபடு மட்டும் நிண்டனான் ரீச்சர். பிறகு சனம் தள்ளிக்கொண்டு போட்டுது."

கணவர் வரவில்லை. எங்கே என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. மீள்குடியேறும்போது அவா அந்தப் பனைகள் தெரிகிற காணியாகப் பார்த்துத்தான் கொட்டில் போட்டிருக்கிறா. அவற்றைத் தறித்த அன்று வவுனியாவில் கிளினிக்குக்குப் போயிருந்தா. பின்னேரம் பஸ்ஸால் இறங்கியவாவுக்குத் தன்னுடைய ஒழுங்கையை அடையாளம் மட்டுக்கட்டவே முடியவில்லையாம்.

"எனக்கு விசர் இல்லை ரீச்சர். அவர் வரமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். ஆனால் நில் எண்டு சொன்ன இடம் இருக்கோணும்."

நான் கரிக் கோடுகளை ஈரத்துணியால் துடைத்தேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய், "எதிலை நிண்டனீங்கள் எண்டு காட்டுங்கோ" என்றேன். இப்போது தண்ணீர்க் குழாய் இருக்கிற இடத்தில் போய் நின்றா. நான் அவாவுக்குப் பின்னால் நின்று அவாவின் தோளுக்கு மேலால் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் பனைகள் நின்ற இடம் இடது பக்கம் ஒதுங்கும், திரும்பி வருகிற கிரவல் றோட்டு நேராகத் தெரியும். நான் முன்பு உட்கார்ந்து கீறிய இடத்திலிருந்து றோட்டே தெரியாது. உள்ளதை உள்ளபடி கீறுகிறேன் என்று இவ்வளவு காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது, எங்கே நின்று பார்ப்பது என்பதும் உள்ளதில் சேர்த்தி என்று. வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த ஐந்து கிழமையும் அந்தச் சுவர்தான் எனக்கு உலகம். கிரவல் மண்ணைப் பழைய சீலையில் அரித்து, எமல்சன் பெயின்றில் குழைத்து றோட்டைப் பூசினேன். எங்கள் றோட்டுக்கு எங்கள் மண்ணைவிட நல்ல நிறம் எந்தக் கடையில் இருக்கிறது? வானத்துக்கு மட்டும் பதினொரு தடவை கலவை மாற்றினேன். பனைகளுக்குப் பூநகரித் தாரை மெல்லியதாகக் கரைத்துப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசினேன். நடு மரத்தின் சரிவை அக்கா வந்து கையால் காட்டுவா, "இன்னும் கொஞ்சம்... காணும், நிப்பாட்டுங்கோ." உச்சியில் வெயில் குடித்த சாம்பலை வைத்து இறங்கியபோது அவா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, குழாய் இருக்கும் பக்கமாக நாலு அடி பின்னுக்குப் போய் நின்று பார்த்தா. பிறகு போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா.

திறப்பு விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது தலைவர் வந்து பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய இடது காலுக்குள் இரும்புத் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது, மழைக்காலத்தில் கெந்திக் கெந்தித்தான் நடப்பார். சுவருக்கு முன்னால் அப்படியே நின்றார்.

"என்ன ரீச்சர் இது? ஒரு பச்சையைக் காணேல்லை."

"ஆவணி மாதம் தலைவர். பச்சை வேணுமெண்டால் மார்கழியிலை வாங்கோ."

"மலை கிலை ஒண்டும் இல்லையே?"

"எங்கை கிடக்குது மலை? காட்டுங்கோ, கீறுறன்."

அவர் சிரிக்கவில்லை. பனைகளைக் காட்டித் தணிந்த குரலில் சொன்னார்: "உதுகளுக்குத் தலை வைச்சு விடுங்கோ ரீச்சர். மூண்டே மூண்டு மரம். ஒரு மணித்தியால வேலை."

அதுதான் கேள்வி. மலையை விட்டுவிடலாம், பச்சையை விட்டுவிடலாம், தலை மட்டும் வைத்துவிட்டால் போதும் என்று அவரே இறங்கி வந்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் ஒரு கடதாசியில் வைத்தும் பார்த்தேன். மறைப்பானேன், வைத்துப் பார்த்தேன். ஓலை வைத்தால் ஓலைக்கு நிழல் வைக்க வேண்டும். நிழல் விழுந்தால் அடியில் இருக்கும் மண்ணின் நிறம் மாறும். மண் மாறினால் றோட்டின் விளிம்பு மாறும், விளிம்பில் எரிகிற வெயில் தணியும், அந்த வெயிலுக்காக எடுத்த வானம் பிழைக்கும். மூன்று தலைக்காக முழுச் சுவரும் பொய் சொல்ல வேண்டி வரும். அதோடு, அக்காவை நிற்கச் சொன்னது மொட்டைப் பனையடியில். தலையுள்ள பனையடியில் அவா ஒருநாளும் நிற்கவில்லை. கடதாசியைக் கிழித்து அடுப்புக்குள் போட்டேன்.

சங்கக் கூட்டத்தில் எழும்பி, "மொட்டைப் பனைக்குத் தலை வைக்க மாட்டன்" என்றேன்.

தலைவர் கோபித்தார். "எங்கடை பிள்ளையள் நெடுகவும் உந்த மரத்தைத்தான் பாக்கோணுமே ரீச்சர்? நாங்கள் பட்டது காணாதே? கலியாணம் நடக்கப்போற மண்டபம். பொம்பிளை மாப்பிளைக்குப் பின்னாலை மொட்டை மரமே?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் அந்த றோட்டால் ஓடிய கால்தான். ஆனால் எனக்கு வாய் நிற்கவில்லை. "நான் சண்டையைக் கீறேல்லை. காலமை பத்து மணி வெயிலைக் கீறியிருக்கிறன். அந்த வெயிலுக்கை என்ன நிண்டுதோ அது நிக்குது. எங்கடை ஊரைக் கீறச் சொன்னீங்கள். எங்கடை ஊர் உங்களுக்கு வெக்கமெண்டால் அதுக்கு நான் என்ன செய்யிறது?"

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவேளை என் பக்கம் நாலு கை உயர்ந்திருக்கும். எனக்கு அடக்கம் என்பது எப்போதும் அரைமணி நேரம் பிந்தித்தான் வரும். வாக்கெடுப்பில் சுவரை அழிப்பது என்று முடிவானது. அக்கா சபையில் உறுப்பினர் இல்லை. கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. தன்னுடைய கதையைச் சொல்லி இரக்கம் கேட்க வேண்டாம் என்று எனக்கு முன்னமே சொல்லியிருந்தா, அதனால் அதை நானும் எடுக்கவில்லை.

பரந்தனிலிருந்து பெயின்ற் அடிக்கிற ஒருவரைக் கூட்டி வந்தார்கள். கோயில் கொடிச்சீலை, கடைப் பலகை எல்லாம் எழுதுகிறவர், கைத்தொழில் சுத்தம். சுவரைப் பார்த்துவிட்டு, "அழிக்கிறது பாவம் ரீச்சர். என்னிலை குறை நினையாதேங்கோ" என்றார். "அடியிலை என்ன பூசியிருக்கிறியள்? மேலாலை அப்பிடியே அடிக்கலாமோ?"

"எமல்சனும் கிரவல் மண்ணும்" என்றேன். அது உண்மை. தாரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு இது வேணுமென்று செய்த வேலையா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். தாரை நான் எடுத்தது நிறத்துக்காக. சொல்லாமல் விட்டது வேணுமென்றுதான்.

மூன்று நாளில் அவர் வேலையை முடித்தார். பச்சை வயல், நீல ஆறு, தென்னை, ஓட்டு வீடு, இரண்டு மலை, நடுவில் சூரியன். கனடாக்காரர் வந்து நாடா வெட்டி, படத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்து, "அந்தக் காலத்து ஊர் மாதிரியே இருக்கு" என்று பேசினார். அந்தக் காலத்திலும் எங்களுக்கு மலை இருக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன், தட்டவில்லை. அக்கா குளிர்பானம் பரிமாறிக்கொண்டு நின்றா. அந்தச் சுவர்ப் பக்கம் ஒருதரமும் திரும்பவில்லை.

ஆவணி பிறந்து, வெயில் தகரக் கூரையைத் தகித்துச் சுவருக்குள் இறங்கத் தொடங்கியது. ஒருநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது அக்கா என் வீட்டு வாசலில் நின்றா. அவா என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"ஒருக்கா வாங்கோ ரீச்சர்" என்றா.

மண்டபத்துச் சுவரில், பச்சை வயலுக்கு நடுவே தேத்தண்ணிக் கறை மாதிரி மூன்று கோடுகள். நான் கிட்டப்போய்த் தொட்டுப் பார்த்தேன். விரல் பிசுபிசுத்தது. இடது மலையின் அடிவாரத்திலிருந்து ஒன்று, ஓட்டு வீட்டின் கூரையைப் பிளந்துகொண்டு ஒன்று, நடுவில் நின்றது நேராக இல்லை.

"சரிவு சரியா வந்திருக்கு" என்றா அக்கா.

ஒரு கிழமையில் அவை கபிலமாகின. தலைவர் பரந்தன்காரரைக் கூப்பிட்டு இன்னொரு பூச்சு அடிப்பித்தார். புரட்டாதியில் மறுபடி வந்தன, முன்னையிலும் இருட்டாக. அதற்கு மேலும் ஒரு தடவை அடித்தார்கள். அதற்கும் வந்தன. இதற்குள் ஊர்ச் சனம் வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போகத் தொடங்கிவிட்டது. இது ஏதோ தெய்வச் செயல் என்று இரண்டு பேர் சொல்ல, நான் பேசித் திருத்தினேன். தெய்வத்துக்கு இதில் ஒரு வேலையுமில்லை, இது பூநகரித் தார். விசயம் வெளியில் வந்தது அப்படித்தான். பரந்தன்காரர் என்னைக் கண்டு, "ரீச்சர், நல்லா ஏமாத்திப் போட்டியள்" என்று சிரித்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவருடைய உழைப்பு வீணாகப் போனது உண்மைதான்.

தலைவர் சிரிக்கவில்லை. ஐப்பசி முதல் கிழமை, நாலாவது வாளிப் பெயின்றோடு மண்டபத்துக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். நான் போகும்போது அவர் உள்ளே நின்றார், அக்கா சுவருக்கு முன்னால் நின்றா. கையில் தும்புத்தடி. கூட்டுகிறதற்குப் பிடித்திருக்கிற பிடி அல்ல.

"காணும். இனி அடிக்க வேண்டாம்" என்றா தலைவரிடம். அவா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"ஏனெண்டு சொல்லுங்கோ அக்கா" என்றார் அவர்.

அன்றைக்கு அவாவாகவே சொன்னா. கன்றுக்குட்டி, கயிறு, சைக்கிள், நில் என்று சொன்ன இடம். தலைவர் வாளியைக் கீழே வைத்தார். ஒரு கதிரையை இழுத்து, காலை நீட்டி இருந்தார். அன்று வானம் கறுத்திருந்தது, கால் வலித்திருக்கும்.

"எனக்கு உந்தக் கதையைச் சொல்லேல்லையே ஒருதரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப இதுக்கு என்ன செய்யலாம் ரீச்சர்?"

"மலையை அழிக்கலாம்" என்றேன்.

அழித்தோம். மலையை, சூரியனை, ஆற்றை, வீட்டை. நான் சுரண்ட, அக்கா தண்ணீர் அடித்துக் கழுவினா. பழைய வானம் திரும்பி வரவில்லை, அதை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன், இந்தத் தடவை ஒன்பது கலவை. பனைகளில் மட்டும் கை வைக்கவில்லை. அவை தாங்களாகவே வந்து நின்றபடி நிற்கின்றன. உச்சிச் சாம்பலைக்கூட மறுபடி வைக்கவில்லை.

கடைசி நாள் கிரவல் றோட்டைப் பூசிக்கொண்டிருந்தேன். தலைவர் அரைமணி நேரமாகக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், தொண்டையைச் செருமினார். நல்ல மனதோடுதான் சொன்னார், அவருடைய முகத்தில் தெரிந்தது.

"ரீச்சர், றோட்டு வெறுமையாக் கிடக்கு. தூரத்திலை சைக்கிளிலை ஒரு ஆள் வாற மாதிரி... சின்னனா ஒண்டு வைச்சு விடுவமே?"

என் கை நின்றது. உண்மையைச் சொன்னால், அந்த ஆளை நானும் எனக்குள் நூறு தடவை கீறிப் பார்த்திருக்கிறேன். இரண்டு தூரிகைப் பொட்டுப் போதும்.

அக்கா குழாயடிப் பக்கமாக, தன்னுடைய இடத்தில் நின்றா.

"வேண்டாம்" என்றா. "வாறதெண்டால் அவர் தானாய் வரட்டும். நீங்கள் கீறிக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ."

றோட்டை வெறுமையாகவே விட்டுவிட்டு இறங்கினேன்.